வைக்கோல் உடம்பு

அந்த ஆறு ஒரு நாளில் இரண்டு முறை பின்னோக்கி ஓடும். டென்மார்க்கின் எஸ்பியர்க்கிற்கு வடக்கே அது கடலோடு சேருமிடத்தில் மதகு இல்லை. கடல் ஏறும்போது உப்புத் தண்ணீர் உள்ளே தள்ளிக்கொண்டு வரும். சருகும் நுரையும் ஒடிந்த நாணலும் கொஞ்ச நேரம் அசையாமல் நிற்கும். பிறகு போன வழியே திரும்பி வரும். நாங்கள் வாடகைக்கு எடுக்கும் கோடை வீட்டின் சமையலறை யன்னலில் நின்றால் இதைப் பார்க்கலாம். அக்கா அங்கேதான் நிற்பார், வெங்காயம் உரிக்கும்போதும் கோப்பை கழுவும்போதும். கொண்டுபோனதை ஆறு ஒருநாள் திருப்பிக் கொண்டுவரும் என்று அவர் ஒருபோதும் சொன்னதில்லை. அவர் நிற்கிற விதத்தில் அது தெரியும்.

எட்டு வருடங்களுக்கு முந்திய ஆனி மாதத்தில் அத்தான் இந்தக் கரையில் காணாமற்போனார். எஸ்பியர்க்கில் மீன் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. கிழமை முழுக்க மீனோடு நின்றுவிட்டுச் சனிக்கிழமையும் மீனைத் தேடிப் போகிற மனிசன் என்று அக்கா முன்பு பகிடி பண்ணுவார். அன்றைக்கு அவருடைய கார் பூட்டியபடி வீதியோரம் நின்றது. தூண்டில் ஒரு மரத்தில் சாத்தியிருந்தது. தேத்தண்ணிப் போத்தல் மூடி திறந்து, பாதி குடித்தபடி, புல்லில் நிமிர்ந்து நின்றது. பொலிஸார் வந்தார்கள், நாய்கள் வந்தன, ஊர்க்காரர் தங்கள் படகுகளில் நாணலுக்குள் தேடினார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. கடல் இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றார்கள்.

யாழ்ப்பாணத்தில் சில வருடங்கள் பத்திரிகையில் வேலை செய்தவன் நான். உறுதியாகத் தெரியாததைச் செய்தியாக்கக் கூடாது என்பதுதான் அங்கே முதலில் கற்றுக்கொண்டது. ஆனாலும் அத்தான் இறந்துவிட்டார் என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அக்காவுக்கோ அவர் இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த ஆனியில் அக்கா அந்தக் கரையிலேயே ஒரு கிழமைக்கு வீடு எடுத்தார். அதன்பிறகு ஒவ்வொரு ஆனியிலும் எடுத்தார். நாணலால் வேய்ந்த கூரை, தலையில் முட்டும் உத்தரங்கள், ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு பலகைத் துறை. இந்த நாட்டில் இப்படி வீடுகளை வாடகைக்கு விடும் ஆட்கள் தங்கள் சீவியத்தையும் உள்ளேயே விட்டுவிட்டுப் போவார்கள். கொழுக்கியில் அவர்களுடைய மழைக்கோட்டுகள், மேசை லாச்சிக்குள் பாதிச் சீட்டுக்கட்டு, சுவரில் நாங்கள் அறியாத முகங்கள். முதல் வருடம் என் மனைவியும் வந்தாள். “அந்தப் படத்தில இருக்கிற ஆக்கள் எங்களைப் பாக்கேல்லை. எங்களுக்குப் பின்னால ஆரையோ பாக்கினம்,” என்றாள். பிறகு அவள் வரவில்லை. நான் என் ஊரான டோஸ்ட்ருப்பிலிருந்து தனியே கார் ஓட்டிக்கொண்டு வருவேன்.

கட்டில் விரிப்புகளை நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும். இங்கே அது வழக்கம். அக்கா ஒரு கட்டிலுக்கு அதிகமாகக் கொண்டுவருவார். முற்றத்தில் தனியாக நிற்கும் சின்ன அறையில் அதை விரிப்பார். தலையணைக்கு மேல் ஒரு சாரம், ஒரு சேட்டு, ஒரு துவாய் மடித்து வைப்பார். முதல் வருடம் ஏன் என்று கேட்டேன்.

“நனைஞ்சு வந்தா மாத்த வேண்டாமே?” என்றார், கறிக்கு உப்புக் காணுமோ என்று கேட்கிற குரலில்.

பின்னேரங்களில் சீனி கூடப்போட்ட ஒரு கோப்பை தேத்தண்ணியைக் கொண்டுபோய்த் துறையின் நுனியில் வைப்பார். காலையில் கோப்பை வெறுமையாக இருக்கும். அதைப்பற்றி வீட்டில் யாரும் கதைப்பதில்லை. பறவை, முள்ளெலி, காற்று என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். ஆனி மாதத்தில் அங்கே இருட்டு முழுதாக வருவதில்லை. சாம்பல் வெளிச்சம் ஒன்று ஆற்றின்மேல் விடியும்வரை கிடக்கும். எழும்பிப் போய்ப் பார்த்தால் யார் குடிக்கிறார்கள் என்று தெரிந்திருக்கும். நான் போகவில்லை. சின்ன அறையில் சில வேளைகளில் கட்டில் முறுகும் சத்தம் கேட்கும். பகல் முழுக்க வெயில் பட்ட மரம் குளிரும்போது அப்படிச் சத்தம் போடும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் போர்வையை இழுத்துக்கொள்வேன்.

இந்த வருடம் ஒரு முடிவோடு திரும்ப வேண்டியிருந்தது. மருமகள், அக்காவின் ஒரே பிள்ளை, எஸ்பியர்க்கில் பிறந்தவள், தாதியாக வேலை செய்கிறாள். ஒவ்வொரு ஆனியிலும் அவளும் தாயோடு இந்த வீட்டுக்கு வருவாள். கோல்டிங்கில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெடியனை அவள் விரும்பினாள். இரண்டு பக்கமும் சம்மதம். ஆவணிக்கு மண்டபமும் எடுத்தாயிற்று. மாப்பிள்ளையின் தாய் நல்ல மனுசி, முறை தெரிந்த மனுசியும்கூட. அவர் கேட்டது இதுதான்: பிள்ளையின் தகப்பன் இருக்கிறாரா, இல்லையா? இருக்கிறார் என்றால் அவர் இல்லாமல் யார் தாரைவார்ப்பது? இல்லை என்றால் ஏன் இன்னும் கிரியை செய்யவில்லை?

உடல் கிடைக்காதவருக்கும் எங்களிடம் வழி உண்டு. தர்ப்பைப் புல்லால் ஒரு உருவம் செய்து, அவராகவே நினைத்து அதை எரிப்பது. நான் ஒரு ஐயரிடம் விசாரித்தும் வைத்திருந்தேன். அக்காவிடம் அந்தப் பேச்சை எடுத்தபோது கையில் இருந்த அகப்பையை என் பக்கம் நீட்டினார்.

“உயிரோட இருக்கிற மனிசனை எரிக்கச் சொல்லுறியோ? நீ எனக்குத் தம்பியோ, யமனோ?”

இதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. செத்தவீடு நடந்த குடும்பத்தில் ஒரு வருடத்துக்கு நல்ல காரியம் வைப்பதில்லை. அத்தான் இப்போதுதான் இறந்தார் என்று எடுத்தால் ஆவணியில் கல்யாணம் இல்லை. காணாமற்போன அன்றே இறந்தார் என்று எடுத்தால் தடை எதுவும் இல்லை. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதை மனைவிதான் சொல்ல வேண்டும் என்று ஐயர் சொல்லியிருந்தார். அதற்கு முதலில் அக்கா அத்தானை இறந்தவராக எடுக்க வேண்டும்.

போய்ச் சேர்ந்த மறுநாள் காலை நான் துறைக்குப் போனேன். கோப்பை நிறைய இருந்தது. மேலே ஆடை படிந்து, அதில் ஒரு பூச்சி ஒட்டிக்கொண்டு கிடந்தது. மருமகள் பலகை விளிம்பில் காலைத் தொங்கப்போட்டபடி இருந்தாள்.

“மாமா, இண்டைக்கு நான் ஊத்தேல்லை.”

“எதை?”

“தேத்தண்ணியை. ஒவ்வொரு நாளும் அம்மா எழும்ப முதல் நான்தான் ஆத்துக்குள்ள ஊத்திறனான்.”

பிறகு டேனிஷுக்கு மாறினாள். சொல்லக் கஷ்டமானதை அவள் டேனிஷில்தான் சொல்வாள். முதல் வருடம் முதல் நாள் காலை அம்மா நிறைந்த கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றதைப் பார்த்தாளாம். அன்றைக்கு முழுக்க அம்மா ஒன்றும் சாப்பிடவில்லை. அடுத்த நாள் அவள் முந்திக்கொண்டு ஊற்றிவிட்டாள். அம்மா வெறுங்கோப்பையோடு உள்ளே வந்து இரண்டு தோசை சாப்பிட்டார். அதற்குப்பிறகு நிறுத்த வழி தெரியவில்லை.

“இவ்வளவு வருசமும் அப்பாவை நான்தான் மாமா வைச்சிருந்தனான்,” என்றாள், திரும்பத் தமிழுக்கு வந்து. “இனி என்னால ஏலாது. அம்மாட்டைச் சொல்லட்டோ?”

“வேண்டாம்,” என்றேன்.

ஏழு ஆனிகளாக நான் எழும்பிப் பார்க்கப் பயந்தது இவளைத்தான். அது தெரிந்தபின் பயம் போய்விட வேண்டும். போகவில்லை. அந்தக் கிழமை வீடு வேறுமாதிரி இருந்தது. கட்டில் முறுகவில்லை, அல்லது எனக்குக் கேட்கவில்லை. யாரோ இருக்கிறார்கள் என்ற எண்ணத்துக்குப் பழகியிருந்தேன். இப்போது ஒருவரும் இல்லை என்ற எண்ணம் அறை அறையாக வந்து நின்றது.

அக்கா நிறைந்த கோப்பையைக் கண்டார். முகர்ந்து பார்த்தார்.

“இந்தமுறை வரேல்லை,” என்றார் என்னிடம். நான் யன்னலைப் பார்த்தேன்.

அடுத்த நாளும் கோப்பை நிறைந்திருந்தது. “கோவமோ தெரியாது,” என்றார். “பிள்ளையின்ர கலியாணத்தைத் தன்னைக் கேக்காமப் பேசிப்போட்டினம் எண்டு நினைக்கிறாரோ?” அதற்கடுத்த பின்னேரம் அவர் தேத்தண்ணி வைக்கவே இல்லை. சின்ன அறைக் கட்டிலில் நெடுநேரம் போய் இருந்தார். வெளியே வந்தபோது அவருடைய நடை மாறியிருந்தது. வீட்டில் எதையோ எங்கேயோ வைத்துவிட்டு மறந்துபோனவர் மாதிரி ஒவ்வொரு இடமாக நின்று நின்று போனார்.

கோடையின் நடுவில் வரும் சங்க்ட் ஹன்ஸ் மாலையில் டேனிஷ்காரர் தண்ணீர்க் கரைகளில் விறகு குவித்து எரிப்பார்கள். குவியலின் உச்சியில் வைக்கோலால் செய்த ஒரு சூனியக்காரி இருப்பாள்: பழைய சட்டை, பாவாடை, கூர்த்தொப்பி. அவள் நெருப்பிலிருந்து எழும்பி ஜெர்மனியில் உள்ள ஏதோ மலைக்குப் பறந்துபோவாள் என்று பிள்ளைகளுக்குச் சொல்வார்கள். எங்கள் துறைக்குக் கொஞ்சம் கீழேயும் ஊர்க்காரர் வருடாவருடம் எரிப்பார்கள். அந்த மாலைகளில் அக்கா திரைச்சீலையை இழுத்துவிடுவார். இந்த வருடம் வீட்டுச் சாவியை வைத்திருக்கும் பக்கத்து வீட்டு டேனிஷ் மனுசிக்கு விரல் மூட்டெல்லாம் வீங்கியிருந்தது. வைக்கோல் கட்ட உதவிக்கு மருமகளைக் கூப்பிட்டார். அவளும் போனாள். பின்னேரம் அந்த மனுசி வாசலில் வந்து எங்களையும் கட்டாயம் வரச் சொன்னார்.

“பிள்ளை செய்ததெண்டா ஒருக்காப் பாப்பம்,” என்றார் அக்கா. வீட்டுக்குள் இருக்க அவருக்கு முடியவில்லை என்று நினைக்கிறேன்.

வெயில் மரங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. மடக்குக் கதிரைகளில் ஆட்கள் இருந்தார்கள். கோப்பி மணமும், தடிகளில் மாவைச் சுற்றிச் சுடுகிற மணமும். விறகுக் குவியலுக்குப் பொறுப்பானவர் பக்கத்து வயல்களின் கமக்காரர், ஆள் பெரிய உருவம். அவர் ஏணியை அப்போதுதான் எடுத்து ஓரமாக வைத்தார். அக்கா நடந்துகொண்டிருந்தவர் நின்றுவிட்டார்.

“அது இவற்ற சேட்டு.”

நானும் பார்த்தேன். நீலக் கட்டம் போட்ட சேட்டு. மார்புப் பை நீல நூலுக்குப் பதிலாகக் கறுப்பு நூலால் தைத்திருந்தது. சின்ன அறைத் தலையணையின்மேல் ஒவ்வொரு வருடமும் நான் கண்டது. அதற்குக் கீழே ஒரு பூப்போட்ட பாவாடை, மேலே கறுப்புக் கூர்த்தொப்பி.

மருமகள் எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். “ஓம் அம்மா. நான்தான் போட்டனான்.”

“ஆரைக் கேட்டுப் போட்டனி?”

“ஒருத்தரையும் கேக்கேல்லை. கேட்டா விடுவியளோ? புல்லிலை ஒரு உடம்பு செய்து எரிக்க வேணுமெண்டு மாமா சொன்னவர். நீங்கள் ஒருநாளும் செய்யமாட்டியள். நான் வேற என்ன செய்யிறது? சொல்லுங்கோ.”

கதிரைகளில் இருந்தவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். கமக்காரர் என்ன விஷயம் என்று கேட்டுக்கொண்டு வந்தார். அது தன்னுடைய அப்பாவின் சேட்டு என்று மருமகள் டேனிஷில் சொன்னாள். அவர் அவளையும் அக்காவையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தன்னுடைய தொப்பியைக் கழற்றினார். நாணலுக்குள் தேடிய படகுகளில் ஒன்று அவருடையது. விரும்பினால் உடனே கீழே இறக்கித் தருகிறேன் என்றார், அக்காவைப் பார்த்து, மெதுவாக. பக்கத்து வீட்டு மனுசி கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

அக்கா அந்த உருவத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். காற்றில் அதன் ஒரு கை மேலே எழும்பி விழுந்தது.

“பாவாடையும் தொப்பியும்!” என்றார். “என்ர மனிசனுக்கு! முதல்ல அதைக் கழட்டச் சொல்லு.”

கமக்காரர் ஏணியைத் திரும்பச் சாத்தினார்.

“டேய் தம்பி, ஓடிப்போய் சாரத்தை எடுத்துக்கொண்டு வா. அரிசியும்.”

நான் ஓடினேன். சின்ன அறையில் சாரமும் துவாயும் கட்டிலில் இருந்தன. தலையணையில் ஒரு பள்ளம் இருந்தது. அக்கா இருந்துவிட்டு எழும்பியதால் வந்ததாக இருக்கும். நான் கிட்டப்போய்ப் பார்க்கவில்லை. சாரத்தை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன். சமையலறையில் பச்சையரிசி இருக்கவில்லை. பாஸ்மதிப் பையை அப்படியே தூக்கினேன்.

நான் திரும்பி வந்தபோது உருவத்தைத் தடியிலிருந்து இறக்கி விறகின்மேல் படுக்கவைத்திருந்தார்கள். தெற்கு எந்தப் பக்கம் என்று அக்கா கேட்டார். கமக்காரர் கையைக் காட்டினார். தலை அந்தப் பக்கம் வரத் திருப்பினார்கள். அக்கா ஏணியில் ஏறிச் சாரத்தைத் தன் கையால் சுற்றிக் கட்டினார். பிறகு வாய் இருக்க வேண்டிய இடத்தில் அரிசி போட்டார். மருமகள் போட்டாள். நான் போட்டேன். பக்கத்து வீட்டு மனுசி தானும் போடலாமா என்று கேட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் சிலர் எழும்பி வந்தார்கள். வீங்கிய விரல்களும் உழவு இயந்திர எண்ணெய் படிந்த விரல்களும் பாஸ்மதியைக் கிள்ளி எடுத்து வைக்கோலின்மேல் வைத்தன. எதற்கு என்று ஒருவரும் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டு மனுசிக்கு மட்டும் மனது ஆறவில்லை. இது பிள்ளைகளுக்கான விளையாட்டு, சூனியக்காரி ஜெர்மனிக்குப் பறக்கிறாள் என்கிற கதை, உங்களுடைய கணவரை அதில் வைத்தது சரியோ தெரியவில்லை என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

அக்கா என்னிடம் திரும்பினார். “ஜெர்மனிக்கோ? நல்லதாப் போச்சு. அங்க இவற்ற தமையன் இருக்கிறார். போய்ப் பாப்பம் எண்டால் டிக்கெட் விலை எண்டு சாட்டுச் சொன்ன மனிசன். இப்ப சும்மா போகட்டும்.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். மருமகளும் சிரித்தாள், சிரிப்பு முடிய முன்னமே அது அழுகையாகிவிட்டது.

“ஆர் கொள்ளி வைக்கிறது?” என்றார் அக்கா. மகன் இல்லாத வீட்டில் அது என்னுடைய கடமை என்று நினைத்து நான் முன்னால் போனேன்.

“நீ விலகு. அவருக்குப் பிள்ளை இருக்கு.”

மருமகள் பந்தத்தை வாங்கித் தலைமாட்டில் வைத்தாள். “திரும்பிப் பாராமல் வா,” என்றார் அக்கா. அவள் வந்தாள். நாங்கள் மூன்று பேரும் நெருப்புக்கு முதுகு காட்டி, வீட்டைப் பார்த்தபடி நின்றோம். அந்தக் கரையில் மற்ற எல்லோரும் நெருப்பைப் பார்த்துக்கொண்டு, வழக்கமாகப் பாடுகிற பாட்டைப் பாடினார்கள். முதுகில் சூடு ஏறியது. யாரோ எங்களுக்குப் பின்னால் நின்று சொல்ல வந்ததைச் சொல்லத் தொடங்குவதுபோல வைக்கோல் சடசடத்தது. என் வேலைக்காலத்தில் நான் எத்தனையோ நெருப்புகளைப் பார்த்து எழுதியிருக்கிறேன். இதை மட்டும் பார்க்கவில்லை. சேட்டின் நிறம் எப்படி மாறியது, கை எப்போது விழுந்தது, எனக்குத் தெரியாது. எங்கள் நிழல்கள் முன்னால் புல்லில் நீண்டு ஆடின. மூன்றுதானா என்று எண்ணிப் பார்க்கவேண்டும் போல இருந்தது. எண்ணவில்லை.

வீட்டுக்குள் போகமுன் வெளிக் குழாயைத் திறந்து தலையில் தண்ணீர் வார்த்தோம். குளிரில் பல்லுக் கிட்டியது.

அடுத்த நாள் காலை அக்கா சின்ன அறைக் கட்டில் விரிப்பைக் கழற்றி மடித்துப் பைக்குள் வைத்தார். சாப்பாட்டு மேசையில் வந்து இருந்து, மாப்பிள்ளையின் தாய்க்குத் தானே தொலைபேசி எடுத்தார். இதுவரை அந்தப் பக்கத்தோடு கதைத்தது நான்தான். எங்களுக்கும் கேட்கட்டும் என்று போனை மேசையில் வைத்தார். நேற்று நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். சூனியக்காரி, தொப்பி என்பதையெல்லாம் சொல்லவில்லை. ஆற்றங்கரையில் புல் உடம்பு செய்து எரித்தோம், மகள் கொள்ளி வைத்தாள், மற்றக் கிரியைகளை ஐயரைக் கொண்டு செய்வோம், தாரைவார்க்கத் தம்பியும் அவன் மனைவியும் நிற்பார்கள் என்றார்.

மறுபக்கத்தில் அந்தத் தாய், “நீங்கள் கவலைப்படாதேங்கோ அக்கா,” என்றார். அவர் அக்காவை விட வயது குறைந்தவர். “கேக்கிறன் எண்டு குறை நினைக்காதேங்கோ. அவர் எப்ப மோசம் போனவர் எண்டு எடுக்கிறது? நேற்றையிலிருந்து எண்டா ஒரு வருசம் பொறுக்க வேணும். நாங்கள் பொறுப்பம். அதில ஒண்டுமில்லை.”

மருமகள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று என்று அக்கா சொன்னால் அத்தான் இத்தனை வருடமும் இருந்திருப்பார். அக்கா விரித்த கட்டிலும் ஊற்றிய தேத்தண்ணியும் உயிரோடு இருந்த ஒருவருக்கே. காணாமற்போன அன்றைக்கு என்று சொன்னால் கல்யாணம் ஆவணியில் நடக்கும். அந்த வருடங்களில் அந்த அறையில் ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள்.

“அக்கா, கேக்குதோ?” என்றார் அந்தத் தாய்.

“ஓம். கேக்குது.”

அக்கா திகதியைச் சொன்னார். நாள், மாதம், வருடம், என்ன கிழமை என்பதோடு சொன்னார். பொலிஸ்காரர் அன்றைக்குக் குறித்துக்கொண்ட அதே திகதி. அதை அவருடைய வாயால் நான் அதுவரை கேட்டதில்லை.

“அப்ப எட்டு வருசம் முடிஞ்சுது,” என்றார் அந்தத் தாய். “ஆவணியில வைக்கத் தடையில்லை.”

“இல்லை,” என்றார் அக்கா. “தடையில்லை.”

மருமகள் அம்மாவின் கையைப் பிடிக்கப் போனாள். அக்கா கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.